நாற்பது ஏக்கரும் ஒரு பத்திரமும்: அமெரிக்கத் தெற்கில் கறுப்பின விவசாயிகளோடு ஒரு வாரம்

அக்டோபர் 13, 2025, திங்கள் – சவான்னா, ஜார்ஜியா

மகள் அட்லாண்டாவில் விவசாயக் கூட்டுறவு ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கிறாள். இந்த வாரம் மூன்று மாநிலங்களில் அவளுக்கு வேலை. பட்டா, சிட்டா, அடங்கல் என்று வருவாய்த் துறையிலேயே காலத்தைக் கழித்த எனக்கு, அவள் போகிற ஊரெல்லாம் நிலத்தகராறின் வரலாறு உள்ள ஊர் என்று தெரிந்ததும் வீட்டில் உட்கார மனம் வரவில்லை. "வண்டியில நிறைய நேரம் உட்காரணும், பரவாயில்லையாப்பா?" என்று கேட்டாள். கிளம்பிவிட்டோம். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கு எழுதுகிறேன்.

சவான்னாவில் மாடிசன் சதுக்கத்தை ஒட்டி கிரீன்-மெல்ட்ரிம் மாளிகை இருக்கிறது. இன்று உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். அடிமைமுறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் இங்கேதான் தங்கியிருந்தார். 1865 ஜனவரி 12 அன்று இரவு 20 கறுப்பினப் போதகர்கள் அவரையும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனையும் சந்தித்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர் கேரிசன் ஃப்ரேஸியர். தன்னையும் தன் மனைவியையும் காசு கொடுத்து அடிமைத்தளையிலிருந்து மீட்டுக்கொண்டவர் அவர். உங்கள் மக்கள் தங்களை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டபோது, எங்களுக்கு நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பாலேயே உழுது பயிர் செய்வோம் என்றார்.

நான்கு நாளில் உத்தரவு வந்தது. களச் சிறப்பு ஆணை எண் 15. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே கடலோரத் தீவுகளும், கைவிடப்பட்ட நெல் வயல்களும் விடுதலை பெற்றவர்களுக்கு. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சில மாதங்களில் சுமார் 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறிவிட்டார்கள். லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த நிலத்தில் பெரும்பகுதியைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் தொழில் புத்தி அந்த ஆணையின் ஒரு வரியிலேயே நின்றது. அது குடியேறியவர்களுக்குக் கொடுத்தது அனுபவ உரிமை மட்டுமே. முழு உரிமைப் பத்திரம் இல்லை. பயிர் வைக்கலாம், குடிசை போடலாம், ஆனால் மேலிடத்தில் ஒருவர் மனம் மாறினால் நீதிமன்றத்தில் காட்டக் கையில் எதுவும் கிடையாது.

அக்டோபர் 14, செவ்வாய் – செயின்ட் ஹெலினா தீவு, தென் கரோலினா

நேற்று எழுதியதன் மறுபக்கத்தை இன்று கண்ணால் பார்த்தேன்.

போஃபர்ட் ஊரைத் தாண்டிப் பாலங்கள் வழியாகத் தீவுக்குள் போகிறது சாலை. ஓக் மரங்களில் சாம்பல் நிறப் பாசி தொங்குகிறது. இடையிடையே தக்காளி வயல்கள், சதுப்பு நிலம், இறால் படகுகள். இங்குள்ளவர்கள் கல்லா கீச்சி மக்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நெல் விளைவிக்கும் அறிவோடு பிடித்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். விடுதலை பெற்றவர்களுக்காக 1862இல் தொடங்கிய பென் பள்ளி இன்று பென் மையமாக அதே வளாகத்தில் இருக்கிறது.

இந்தத் தீவை 1861 நவம்பரிலேயே வடக்குப் படை பிடித்துவிட்டது. பண்ணை முதலாளிகள் ஓடிப்போனார்கள். அவர்கள் நிலவரி கட்டவில்லை என்று அரசு நிலத்தை எடுத்து, வரி பாக்கிக்காக ஏலம் விட்டது. நேற்றுவரை அடிமையாக இருந்தவர்கள் சிறுகச் சேர்த்த காசில் பத்து ஏக்கர் அளவில் வாங்கினார்கள். ஷெர்மன் கொடுத்த நிலம் பறிபோனது. வரி ஏலத்தில் வாங்கிய நிலத்தைப் பழைய முதலாளிகளால் மீட்க முடியவில்லை. போஃபர்ட்டில் ராபர்ட் ஸ்மால்ஸ் தன் முன்னாள் எஜமானரின் வீட்டையே வரி ஏலத்தில் வாங்கினார். எதிரியின் ஆயுதக் கப்பலைக் கடத்திக்கொண்டு வந்து தன் குடும்பத்தை விடுவித்த அதே ஸ்மால்ஸ்தான். அந்த வீட்டைத் திரும்பக் கேட்டுப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1878இல் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பின் பலத்தில்தான் இந்தத் தீவில் இன்னும் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் மண்ணில் இருக்கின்றன.

ஆனால் பத்திரமும் தலைமுறைகளைத் தாண்டி வர வேண்டுமே. சாலையோரம் வெண்டைக்காயும் சர்க்கரைவள்ளியும் விற்ற ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தோம். நிலம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். "செத்துப்போனவர் பேரில்தான்" என்றார். அவருடைய கொள்ளுத்தாத்தா உயில் எழுதாமல் போனார், பிள்ளைகளும் அப்படியே. வெள்ளையர் நடத்திய நீதிமன்றத்தில் கால் வைக்கவே அஞ்சிய காலம் அது. இப்போது பங்குதாரர்கள் நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் இருக்கிறார்கள். பாதிப் பேரை இவர் பார்த்ததுகூட இல்லை.

இதற்கு இங்கே வாரிசுச் சொத்து என்று பெயர். நம் ஊரில் தாத்தா பெயரிலேயே கிடக்கும் கூட்டுப் பட்டாவைப் போலத்தான். ஆபத்து எங்கே என்றால், எந்தப் பங்குதாரரும் தன் பிரியாத பங்கை வெளியாளுக்கு விற்கலாம். பங்கு அரைக்கால்வாசியாக இருந்தாலும் போதும். வாங்கிய வெளியாள் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடுவார். இத்தனை பேருக்குத் துண்டு போட முடியாது, மொத்தத்தையும் ஏலம் விடு என்று நீதிமன்றம் சொல்லிவிடும். ஏலத்தில் ரொக்கத்தோடு நிற்பவர் அதே வெளியாள்தான். உழுதுகொண்டிருந்த குடும்பத்துக்கு அடிமாட்டு விலையில் ஒரு பங்குத்தொகை கிடைக்கும். தங்கள் விருப்பமின்றிக் கறுப்பினத்தவர் நிலம் இழப்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான் என்று அமெரிக்க விவசாயத் துறையே சொல்லியிருக்கிறது. பக்கத்துத் தீவான ஹில்டன் ஹெட்டுக்கு 1956இல் பாலம் வந்தது. அதன் பிறகு அங்கே எழுந்த கோல்ஃப் மைதானங்களையும் வாயிற்காவல் குடியிருப்புகளையும் எல்லோரும் அறிவார்கள். செயின்ட் ஹெலினா மக்கள் அதைப் பார்த்துச் சுதாரித்து, 1999இல் தங்கள் தீவுக்கென்று தனி நிலப் பயன்பாட்டு விதியைக் கொண்டுவந்தார்கள். கோல்ஃப் மைதானம் கூடாது, வாயில் போட்ட குடியிருப்பு கூடாது. 2023இல் அதை உடைக்க ஒரு முயற்சி வந்தபோது கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மன்றக் கூட்டங்களில் கூட்டம் கூட்டமாகப் போய் நின்று காப்பாற்றிவிட்டார்கள்.

ஏலப் பிரச்சினைக்கும் ஒரு சட்டம் வந்திருக்கிறது. சட்டப் பேராசிரியர் தாமஸ் மிட்செல் முன்னின்று வரைந்த மாதிரிச் சட்டம், 2010. வெளியாள் வழக்குப் போட்டால் முதலில் நிலத்தை மதிப்பிட வேண்டும்; மற்ற வாரிசுகளுக்கு அந்தப் பங்கை வாங்க முதல் வாய்ப்பு தர வேண்டும்; முடிந்தவரை நிலமாகவே பிரிக்க வேண்டும்; விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் சந்தை விலைக்கு விற்க வேண்டும். தென் கரோலினா இதை 2016இல் ஏற்றது. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் எட்டுப் பேரோடு சுட்டுக் கொல்லப்பட்ட மாநில செனட்டர் கிளமென்டா பிங்க்னியின் பெயரைச் சட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 15, புதன் – ஆல்பனி, ஜார்ஜியா

நாள் முழுக்கச் சாலை. தென்மேற்கு ஜார்ஜியாவில் வேர்க்கடலை அறுவடை நடக்கிறது. பிடுங்கித் தலைகீழாகப் போட்ட செடிகள் வரிவரியாகக் காய்கின்றன. பருத்தியும் வெடித்து நிற்கிறது.

இந்த ஊரைப் பற்றி எழுத எனக்குச் சொந்தமாகவும் ஒரு காரணம் உண்டு. 1960களில் இங்கே வாக்காளராகப் பதிவு செய்த குத்தகை விவசாயிகளை நில முதலாளிகள் வெளியேற்றினார்கள். தலைக்கு மேல் கூரை அடுத்தவனுடையதாக இருக்கும்வரை வாக்குரிமையும் நிலைக்காது என்று புரிந்துகொண்ட சார்ல்ஸ் ஷெரட், ஷர்லி ஷெரட், ஸ்லேட்டர் கிங் போன்றவர்கள், நிலத்தைச் சமூகத்தின் பெயரில் வாங்கிவைக்கும் வழியைத் தேடினார்கள். அவர்களோடு சேர்ந்து திட்டம் தீட்டிய ராபர்ட் ஸ்வானுக்கு இஸ்ரேலின் கூட்டுப் பண்ணைகளோடு வினோபாவின் கிராமதானமும் முன்மாதிரியாக இருந்தது. நிலம் கிராமத்துக்குச் சொந்தம், உழுபவருக்கு அனுபவம், விற்கும் உரிமை யாருக்கும் கிடையாது. அதே காலத்தில் மதுரை மாவட்டத்தில் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராக நடந்து பரப்பிய அதே கிராமதானம். 1969இல் நியூ கம்யூனிட்டீஸ் என்ற பெயரில் லீ கவுண்டியில் 5,700 ஏக்கருக்கும் மேல் வாங்கினார்கள். அந்நாளில் நாட்டிலேயே கறுப்பினத்தவர் கையில் இருந்த மிகப் பெரிய ஒற்றை நிலப்பரப்பு அது என்று சொல்கிறார்கள். சமுதாய நில அறக்கட்டளை என்று இன்று அமெரிக்க நகரங்களெங்கும் இருக்கும் அமைப்புக்கு முதல் விதை இங்கே விழுந்தது. அந்த நிலத்தின் பக்கமாக வண்டி போனபோது வத்தலக்குண்டு நினைவுக்கு வந்தது. மகளிடம் அந்தக் கிராமதானக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மாநில ஆளுநர் கூட்டாட்சி உதவியைத் தடுத்தார். பிறகு வறட்சி. அவசரக் கடனுக்கு விவசாயத் துறையின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போனார்கள். கடன் கைக்கு வரவே சுமார் மூன்றாண்டு ஆனது. 1985இல் நிலம் முழுக்கக் கடனுக்குப் போயிற்று.

அதற்கு அப்புறம் நடந்ததையும் எழுத வேண்டும். அரசின் பாகுபாட்டுக்கு எதிரான பிக்ஃபோர்ட் வழக்கில் இவர்களும் உரிமை கோரி, 2009இல் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு பெற்றார்கள். அந்தப் பணத்தில் ஆல்பனிக்கு அருகே 1,638 ஏக்கர் பழைய அடிமைப் பண்ணை ஒன்றையே வாங்கி, ரிசோரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பீக்கன் தோப்பு, பயிற்சிக் கூடம், விவசாயிகள் தங்கும் வசதி எல்லாம் இருக்கின்றன. சார்ல்ஸ் ஷெரட் 2022இல் காலமானார். ஷர்லி ஷெரட்டின் தந்தையை 1965இல் ஒரு வெள்ளை விவசாயி மாட்டுத் தகராறில் சுட்டுக் கொன்றார். யார் மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. அப்படிப்பட்ட மண்ணைவிட்டுப் போகாமல் இங்கேயே நின்று நிலத்துக்காக ஒரு ஆயுள் முழுவதும் உழைத்தவர் ஷர்லி என்பதை நினைக்க நினைக்க மரியாதை கூடுகிறது.

அக்டோபர் 16, வியாழன் – அலபாமா எல்லை தாண்டி, டஸ்கீகி

அக்டோபர் 1 முதல் கூட்டாட்சி அரசு நிதியில்லாமல் முடங்கிக் கிடக்கிறது. வழியில் ஒரு கவுண்டி தலைமை ஊரில் விவசாயத் துறையின் பண்ணைச் சேவை அலுவலகத்தைப் பார்த்தோம். கதவில் ஒட்டிய தாள். வெளியே பிக்கப் வண்டியில் ஒரு பெரியவர் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அறுவடைக் காலத்தில் கடன் தவணை, பயிர் அடமானம், காசோலையில் கையெழுத்து எல்லாவற்றுக்கும் இந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும். "முன்னால கதவு திறந்திருந்தும் எனக்கு இப்படித்தான் இருந்தது" என்றார். முடக்கம் எல்லா விவசாயிக்கும் பொதுதான். அவர் சொன்னது வேறு.

விவசாயக் கடனில் நாள்தான் எல்லாம். விதைப்புக்கு முன் பணம் வர வேண்டும். பிப்ரவரியில் கேட்ட கடன் ஜூனில் வந்தால் அது கடன் இல்லை, வட்டியோடு வந்த தண்டனை. கடன் முடிவுகளில் உள்ளூர் விவசாயிகளே தேர்ந்தெடுத்த கவுண்டிக் குழுவுக்குப் பெரிய அதிகாரம் இருந்தது. அந்தக் குழுக்களில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய இல்லவே இல்லை. தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் கறுப்பின விவசாயியின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க, வெள்ளை விவசாயியின் விண்ணப்பத்துக்கு ஆனதைப் போல் சராசரியாக மூன்று மடங்கு காலம் பிடித்தது என்று பிக்ஃபோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. புகார் கொடுத்தால்? விசாரிக்க வேண்டிய குடிமை உரிமைப் பிரிவை 1983இல் கலைத்துவிட்டார்கள். புகார்கள் வந்து குவிந்தன, படிக்க ஆளில்லை.

1997இல் வட கரோலினாவைச் சேர்ந்த டிமதி பிக்ஃபோர்டும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தபோது பெரிய முட்டுக்கட்டை காலக்கெடு. பாகுபாடு நடந்து இரண்டாண்டுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். புகார் கொடுத்துவிட்டுப் பத்தாண்டு பதிலுக்காகக் காத்திருந்தவருக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. விவசாயிகள் வாஷிங்டனுக்குத் திரும்பத் திரும்பப் போய் நின்றார்கள். 1998 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1981 முதல் 1996 வரையிலான புகார்களுக்கு அந்தக் கெடுவைத் தளர்த்தியது. வழக்கைக் காப்பாற்றியது அந்த ஒரு திருத்தம். 1999இல் சமரசத் தீர்ப்பு. பெரும்பாலோருக்குத் தலைக்கு 50,000 டாலர். தகவல் தாமதமாகத் தெரிந்து வாய்ப்பிழந்தவர்களுக்காக 2010இல் மேலும் 115 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நிலத்தை ஏற்கெனவே இழந்தவருக்கு 50,000 டாலர் ஒரு டிராக்டர் விலைகூட இல்லை. அதைப் பெரிய வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாமல் இருந்திருந்தால் என்ன கதி என்பதையும் மறுக்க முடியவில்லை.

டஸ்கீகியில் தேசியப் பூங்காத் துறையின் அருங்காட்சியகமும் முடக்கத்தால் பூட்டியிருந்தது. பல்கலைக்கழக வளாகத்தை மட்டும் சுற்றிவந்தோம். 1906இல் விவசாய அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த ஜெசப் வண்டி இங்கிருந்துதான் கிளம்பியது. கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் கருவி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு விவசாயியின் வாசலுக்கே போன பள்ளிக்கூடம். அதை நடத்திய தாமஸ் கேம்பல்தான் நாட்டின் முதல் கறுப்பின வேளாண் விரிவாக்க அலுவலர். 1914இல் விரிவாக்கப் பணிக்குச் சட்டம் போட்டபோது, பணம் எந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டார்கள். தெற்கில் அது எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் 17, வெள்ளி – நெடுஞ்சாலை 80

மான்ட்காமரி, லௌண்டஸ் கவுண்டி, செல்மா. வாக்குரிமைப் பேரணி நடந்த சாலை. அதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. எனக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று. 1964, 65இல் மாணவர் அமைப்பினர் வீடு வீடாகப் போய்க் கேட்டது பொதுத்தேர்தல் வாக்கை மட்டுமல்ல. விவசாயத் துறையின் கவுண்டிக் குழுத் தேர்தலிலும் கறுப்பின விவசாயிகளை நிறுத்தினார்கள். யாருக்கு எத்தனை ஏக்கர் பருத்தி என்று ஒதுக்கியது அந்தக் குழு. வயிற்றுக்கு நெருக்கமான தேர்தல் அதுதான்.

டெமாபலிஸில் தங்கல். களைப்பு.

அக்டோபர் 18, சனி – எப்ஸ், அலபாமா

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சம்டர் கவுண்டியில் டாம்பிக்பி ஆற்றங்கரையில் தென் கூட்டுறவுகள் கூட்டமைப்பின் கிராமியப் பயிற்சி மையம் இருக்கிறது. கூட்டமைப்பு 1967இல் உருவானது. பருத்தி மானியத்தில் தங்களுக்குரிய பங்கைக் கேட்டதற்காகப் பண்ணைகளிலிருந்து துரத்தப்பட்ட குத்தகைக் குடும்பங்கள் சேர்ந்து இந்தப் பகுதியில் நிலம் வாங்கினார்கள்; அதில் வேரூன்றியதுதான் இந்த மையம். 1979இல் கூட்டாட்சி வழக்கறிஞர் கூட்டமைப்பின் கணக்குப் புத்தகங்களை எல்லாம் கேட்டு விசாரணை தொடங்கினார். 1981இல் ஒரு குற்றச்சாட்டுகூட இல்லாமல் அது முடிந்தது. கணக்குப் பார்க்கும் என் மகளுக்கு இந்தக் கதை மனப்பாடம்.

1992இல் இவர்கள் பர்மிங்ஹாமிலிருந்து வாஷிங்டனுக்கு வண்டிகளில் அணிவகுத்துப் போனார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பே 1990 விவசாயச் சட்டத்தில் 2501ஆம் பிரிவைச் சேர்க்க வைத்துவிட்டார்கள். சிறுபான்மை விவசாயிகளுக்கு வழிகாட்டும் அமைப்புகளுக்கு நிதி தரும் பிரிவு. சட்டத்தில் இடம் பிடித்த பிரிவுக்குப் பணம் ஒதுக்க வைப்பதுதான் அடுத்த வேலை என்று வண்டியேறியிருக்கிறார்கள். இப்படித்தான் 2018 சட்டத்திலும் இரண்டு விஷயங்களைப் பெற்றார்கள்: தெளிவான பத்திரம் இல்லாத வாரிசு நிலத்துக்கும் விவசாயத் துறையின் பதிவு எண்ணான பண்ணை எண் கிடைக்க வழி, வாரிசுகள் பங்குகளை வாங்கி நிலத்தை ஒன்றாக்கக் கடன். பண்ணை எண் இல்லாவிட்டால் கடன் இல்லை, பேரிடர் உதவி இல்லை, எதுவுமே இல்லை.

இன்று உயில் எழுதும் பயிற்சி நடந்தது. வெள்ளாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துக் கூடத்தில் முப்பது பேர் இருக்கலாம். பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். 1920இல் நாட்டில் ஒன்பது லட்சத்துக்கும் மேல் கறுப்பின விவசாயிகள். 2017 கணக்கெடுப்பில் 48,697 பேர். அந்த எண்ணிக்கை எனக்கு இதுவரை வெறும் எண்ணாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு விவாதம் சூடானது. 2021இல் காங்கிரஸ் சுமார் 400 கோடி டாலர் கடன் தள்ளுபடியை நிறவெறிக்கு ஆளான விவசாயிகளுக்கென ஒதுக்கியது. வெள்ளை விவசாயிகள் வழக்குப் போட, பணம் கைக்கு வருமுன்பே நீதிமன்றங்கள் நிறுத்தின. 2022இல் அந்தப் பிரிவை நீக்கி, இனம் குறிப்பிடாமல் இரண்டு திட்டங்களாக மாற்றினார்கள்: கடனில் தத்தளிப்பவர்களுக்கு ஒன்று, பாகுபாட்டை நிரூபிப்பவர்களுக்கு இன்னொன்று. இரண்டாவதில் 2024இல் 43,000 பேருக்கு மேல் சுமார் 200 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. அதிகம் பெற்றவை அலபாமாவும் மிசிசிப்பியும். இந்த ஆண்டு ஜூலையில் விவசாயத் துறை, சமூகரீதியாகப் பின்தங்கிய விவசாயி என்ற வகைப்பாட்டையே தன் திட்டங்களிலிருந்து எடுத்துவிட்டது.

"அப்படியானால் இனி எதை எழுதிக் கேட்பது?" என்றார் ஒருவர். இளம் வழக்கறிஞர் ஒருவர் சொன்ன பதில்: வாரிசுச் சொத்துச் சட்டத்தில் இனம் என்ற சொல்லே இல்லை, அப்பலாச்சியா மலையில் இருக்கும் வெள்ளைக் குடும்பத்துக்கும் அது உதவும், அதனால்தான் ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி உட்பட இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் நிறைவேற்றின, எந்த நீதிமன்றமும் நிறுத்தவில்லை. நிலம் எந்த ஓட்டை வழியாகப் போகிறதோ அதை அடைப்போம் என்றார். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். "நிறத்தைப் பார்த்து எடுத்தார்கள். நிறத்தைச் சொல்லாமல் திருப்பிக் கேட்கச் சொல்கிறாயா மகனே?" கூடம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

என் மனம் அந்த அம்மா பக்கம். செய்த அநியாயத்துக்குப் பெயர் சொல்லாத நிவாரணம் பாதி நிவாரணம்தான். ஆனால் நாளைக் காலை ஏலத்துக்கு வரப்போகிற நிலத்தைத் தடுத்து நிறுத்த அந்த இளைஞர் சொல்லும் சட்டம்தான் கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே கேட்பது என்று கூட்டமும் முடிவெடுத்தது: வாரிசுகளுக்கான கடன் திட்டத்தை அடுத்த விவசாயச் சட்டத்தில் நீட்டிக்க வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும், மார்ச்சில் ரத்தான, உள்ளூர் விளைச்சலை வாங்கி உணவு வங்கிகளுக்குத் தரும் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், பாகுபாட்டுப் புகார்களுக்குப் பதில் தரக் காலக்கெடு வேண்டும். கடைசிக் கோரிக்கையை அந்த அம்மாதான் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்.

கடைசியாகக் கவுண்டிக் குழுத் தேர்தல். வாக்குச்சீட்டு வழக்கமாக நவம்பரில் தபாலில் வரும்; அலுவலகத்தில் பதிவு உள்ளவருக்குத்தான் வரும். பதிவு இல்லாதவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். பதினொரு கைகள். அத்தனையும் வாரிசு நிலம். முடக்கம் தீர்ந்து கதவு திறக்கும் நாளில் எடுத்துப்போக வேண்டிய காகிதங்களை ஒருவர் பலகையில் எழுதினார்: பதிவேட்டில் உள்ளவர் இறந்ததற்கான சான்று, ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு, பங்குதாரர்களின் ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல். மகள் பதினொரு பேரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டாள். அலுவலகம் திறந்ததும் ஒவ்வொருவரையும் கூப்பிடும் பொறுப்பு அவளுடையது.